முந்திப் போனவர்கள்

காவல் நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘அப்புறம்’. அவள் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். ‘அப்புறம் வந்தாச்சா?’, ‘அப்புறம் இன்னும் வரல’ என்று வாசலில் நிற்கும் காவலர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் புதிதாக வந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. விசாரணையில் அவள் அதிகம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். மற்ற இன்ஸ்பெக்டர்கள் மேசையைத் தட்டுவார்கள், குரலை உயர்த்துவார்கள், எல்லாம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்த ரசிகை மாதிரி, “அப்புறம்?” என்பாள். எதிரில் இருப்பவரின் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்தப் பழக்கம் லிஃப்டில் வந்தது. அவளுடைய அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலையில் இருந்தார். பள்ளி விட்டதும் அவள் அங்கே போய் அப்பாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறுவார்கள். “அவ அவனை விட்டுட்டுப் போனதுக்குக் காரணமே…” என்று ஒருத்தி ஆரம்பிக்கும்போது அவர்களுடைய மாடி வந்துவிடும். கதவு திறக்கும், மூடும். மீதிக் கதை வெளியே போய்விடும். “அப்புறம் என்னப்பா ஆச்சு?” என்று அவள் கேட்டால், “எனக்கென்ன தெரியும்? நானும் உன்னை மாதிரி பாதிதான் கேட்டேன்” என்பார் அப்பா. இப்படிப் பாதியில் அறுந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் போலீஸில் சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அவளுடைய கணவன் பல்செட் செய்கிறவன். வீட்டின் முன்னறையிலேயே பட்டறை. சுவரை ஒட்டிய அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். “ஊராரை வாயைத் திறக்க வைக்கிறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் தொழில்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லுவான். கல்லூரியில் படிக்கும் மகள் அந்த நகைச்சுவையை நூறு தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வாள்.

இந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்குத்தான் அந்த மூன்று கொலைகளும் வந்து சேர்ந்தன.

முதலில் செத்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். காலையில் மாணவர்களுக்கு முன்னாலேயே மைதானத்துக்குப் போய் வண்டியைத் துடைப்பது அவர் வழக்கம். அன்று முதல் மாணவி வந்தபோது அவர் வண்டியின் பக்கத்தில் விழுந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. முகத்தின் மேல் கார் துடைக்கிற துணி விரித்திருந்தது. அடுத்தது, ஊரின் மறுகோடியில் அழகு நிலையம் நடத்திய பெண். பின்கட்டில் துண்டுகளைக் காயப்போடப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் முகத்தின் மேல் ஒரு துண்டு. மூன்றாவது, விமான நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞன். குடியிருப்பின் சைக்கிள் கொட்டகையில் கிடந்தான். அவனுடைய சட்டையையே கழற்றி முகத்தில் போட்டிருந்தார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், மூன்றும் ஒரே மாதிரியான வட்டத்தலைச் சுத்தியலால் விழுந்த அடி என்றார். பர்ஸ் அப்படியே இருந்தது. மோதிரம், கைபேசி, கார்ச் சாவி எல்லாம் இருந்தன. மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. பொதுவான உறவுக்காரர் இல்லை, பகையாளி இல்லை, காதல் இல்லை, சொத்துத் தகராறு இல்லை. கைபேசிகளைக் குடைந்து பார்த்தாயிற்று. கேமராக்களைக் கண் வலிக்கப் பார்த்தாயிற்று.

“பைத்தியக்காரன் வேலை” என்றார் கண்காணிப்பாளர். “இவனுக்கெல்லாம் காரணம் தேடக் கூடாது. கையில கிடைச்சவங்களைப் போட்டுக்கிட்டே போவான்.”

“கையில கிடைச்சவங்கன்னா ஒரே தெருவுல போட்டிருப்பான் சார்” என்றாள் அவள். “இவன் ஊரைச் சுத்தியிருக்கான். தேடிப் போயிருக்கான். அதுவும் போக, பைத்தியக்காரன் எதுக்கு முகத்தை மூடணும்?”

“சரி, எதுக்கு?”

“தெரியல சார். அதான் தூக்கம் வர மாட்டேங்குது.”

பயமோ கோபமோ அவளைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. கதவு மூடிக்கொண்டு மீதிக் கதை வெளியே போய்விட்ட அதே பழைய அரிப்புதான்.

நிலையத்தில் அவளுடன் சுற்றுகிறவர் ஓர் ஏட்டையா. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. எந்த வழக்கிலும் முதல் நாளே நம்பிக்கையை இழந்துவிட்டு, ஆனால் கடைசி நாள் வரை கூடவே வருகிறவர். அவரையும் கூட்டிக்கொண்டு அவள் மூன்று வீடுகளுக்கும் மறுபடி போனாள். “யார் மேலயாவது சந்தேகம் உண்டா?” என்று ஏற்கெனவே பலர் கேட்டு, அந்த வீடுகளில் அந்தக் கேள்வி புளித்துப்போயிருந்தது. அவள் வேறு மாதிரி கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவரு? சும்மா சொல்லுங்க. எனக்கு அவரைத் தெரியாதில்ல.”

பயிற்சியாளரின் மனைவி அவர்களை உள்ளே உட்கார வைத்தாள். மாடியில் சின்ன வீடு. ஜன்னலுக்குக் கீழே, கூரையில் பெயர்ப்பலகை வைத்த பயிற்சிக் கார் உறை போட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“எங்க போனாலும் சிரிச்சுப் பேசிடுவாருங்க. அவருக்குக் காத்திருக்கிறதுன்னா ஆகாது. கல்யாணமான புதுசுல ஒரு படத்துக்குப் போனோம். அந்தக் கோடி வரைக்கும் கூட்டம். நான் திரும்பிப் போயிடலாம்னேன். ‘இரு’ன்னு சொல்லிட்டுப் போனாரு. முன்னாடி நின்ன ஒருத்தர்கிட்ட ஏதோ பேசினாரு. அஞ்சே நிமிஷத்துல டிக்கெட்டோட வந்துட்டாரு. ‘என்ன சொன்னீங்க?’ன்னேன். ‘பொண்டாட்டி மாசமா இருக்கான்னேன்’னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.” அவள் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது.

“அப்புறம்?” என்றாள் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

அழகு நிலையத்துக்காரியின் தங்கை சொன்னதும் ஏறக்குறைய இதே பாட்டுதான். “அக்கா சிரிச்சா பூட்டின கதவும் திறக்கும் மேடம். பாஸ்போர்ட் ஆபீஸ்ல நான் காலைலேர்ந்து நிக்கிறேன். அவ எனக்குப் பின்னாடி வந்து எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிட்டா.” இளைஞனின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அவன் பொறந்ததே அவசரமாத்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தியே வந்துட்டான். சோறு வேகுற வரைக்கும் இருக்க மாட்டான். எங்கயும் பூந்து போயிடுவான்.”

திரும்பி வரும்போது ஜீப்பில் இன்ஸ்பெக்டர் தன் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்தாள். ஏட்டையா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏட்டையா, மூணு வீட்லயும் ஒரே விஷயத்தைச் சொன்னாங்க, கவனிச்சீங்களா?”

“அழுதாங்க மேடம்.”

“அதில்ல. மூணு பேரும் எங்கயும் காத்திருக்கவே மாட்டாங்களாம். முந்திப் போயிடுவாங்களாம்.”

ஏட்டையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வரிசைல முந்தினதுக்கெல்லாம் கொலை பண்றதுன்னா, மேடம், ஊர்ல பாதிப்பேர் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணும். நானே ரெண்டு மூணு தடவை செத்திருப்பேன்.”

“அதையேதான் நானும் யோசிக்கிறேன். எல்லா வரிசைக்கும் கொல்ல மாட்டாங்க. அப்ப, எந்த வரிசை?”

அன்று சாப்பிடும்போது இதையே வீட்டிலும் கேட்டாள். கணவன் ரொட்டியை மென்றுகொண்டே, “முந்துறவனைப் பாத்தா எனக்கும் கொலைவெறி வரும். ஆனா பஸ் வந்ததும் மறந்துடும்” என்றான். மகள் நிமிர்ந்து பார்த்து, “பஸ் வராமலே போயிருந்தா?” என்றாள். அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தைத்தான் முதலில் பிடித்தாள். பயிற்சியாளர் நாள்தோறும் அங்கே போகிறவர். இளைஞனும் போன வருடம் உரிமம் எடுத்திருந்தான். இது போதுமென்று கண்காணிப்பாளரே உற்சாகமாகிவிட்டார். இரண்டு காவலர்கள் அங்கே போய் வாரக்கணக்கில் தரகர்களையெல்லாம் வறுத்தெடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், அழகு நிலையத்துக்காரிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கயிறு அங்கேயே அறுந்தது. “நான் அப்பவே நினைச்சேன்” என்றார் ஏட்டையா.

அவள் மறுபடியும் பயிற்சியாளரின் மனைவியிடம் போனாள். இந்தத் தடவை பொறுமையாக, ஒரு வருடத்தையே பின்னோக்கிப் புரட்டினாள். வங்கி, ரயில் நிலையம், பள்ளிக்கூடம், மின்சார அலுவலகம். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாளே தவிர, சொல்லும்படியாக ஒன்றும் வரவில்லை.

“உடம்பு சரியில்லாமப் போச்சா, எப்பவாச்சும்?”

“அவருக்கா? கல்லு மாதிரி இருந்தாரு.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு தெரியாம கார் கதவைச் சாத்தி இவரு விரலை நசுக்கிட்டா. வர்ற வழியில நாலு ரோட்டுச் சந்திப்புக்கிட்ட ஒரு டாக்டர்கிட்ட கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு. அன்னைக்கும் பெருமைதான். ‘ஒரே கூட்டம். ஒரு அம்மாகிட்ட விரலைக் காட்டினேன், பாவம், நீங்க போங்கன்னு விட்டுட்டாங்க’ன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சாப்பிட்டுத் தூங்கினாரு.”

அழகு நிலையத்துக்காரியின் தங்கைக்குக் கேட்டவுடனே நினைவு வந்தது. தலைச்சாயம் கண்ணில் தெறித்து, அக்கா ஓடியது அந்தச் சந்திப்பு டாக்டரிடம்தான். எல்லாப் பேருந்தும் நிற்கிற இடம் என்பதால் நான்கு திசையிலிருந்தும் அங்கே ஆட்கள் வருவார்கள். இளைஞனின் அம்மா, “வேலைல சேர உடம்பு நல்லாருக்குன்னு ஒரு சர்ட்டிபிகேட் கேட்டாங்க. அதுக்குப் போனான். மழைல நனைஞ்சு வந்தான்” என்றாள்.

ஜீப்பில் ஏறியதும் ஏட்டையா, யாரும் கேட்காமலேயே, “சந்திப்புக்கு விடுப்பா” என்றார் ஓட்டுநரிடம்.

அது ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மருத்துவமனை. ஒரு நீளமான அறை, சுவரோரம் இரும்பு நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரவேற்பில் ஒரு பெண். கதவில் மருத்துவரின் பெயர். நோயாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அங்கே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த அறையைச் சுற்றிலும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்து வரவேற்புப் பெண்ணிடம் போனாள்.

“போன மழைக்காலத்துல இங்க ஏதாவது நடந்துச்சாம்மா? மறக்க முடியாத மாதிரி?”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. “ஒரு அம்மா செத்துப்போனாங்க மேடம். இதோ, அந்த நாற்காலியில உக்காந்தபடியே.” அவள் காட்டியது, இன்ஸ்பெக்டர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடுத்தது. “கூட அவங்க தம்பி இருந்தாரு. டாக்டர் அன்னைக்கு லேட். ரொம்பக் கூட்டம். அந்தம்மா முறை எப்பவோ வந்திருக்கணும். ஆனா வந்தவங்க எல்லாரும் அவங்ககிட்டயே கேட்டாங்க. விரல் நசுங்கின ஒருத்தர், கண்ணைக் கசக்கிட்டே ஒரு அக்கா, சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பையன். அந்தம்மா ‘பரவால்ல, நீங்க போங்க, நீங்க போங்க’ன்னு எல்லாரையும் விட்டுட்டாங்க. நான் என்ன பண்றது? அவங்களே சொல்றப்போ…”

“அவ்வளவுதானா? வேற யாரும் முந்திப் போகலையே?”

“ஒரு கைக்குழந்தை போச்சு மேடம். ஜுரத்துல வலிப்பு வந்து அம்மா தூக்கிட்டு ஓடி வந்தா. உண்மையைச் சொன்னா, அந்தக் குழந்தைக்குத்தான் நேரம் ஆச்சு. மத்த மூணு பேரும் போனதும் தெரியல, வந்ததும் தெரியல.”

நோயாளிகள் குறைந்த பிறகு மருத்துவர் அவளை உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயது, களைத்த கண்கள். அவள் நேராகக் கேட்டாள். “அந்தம்மா முறைப்படி உள்ள வந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா டாக்டர்?”

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். “மாரடைப்பு. இங்க என்கிட்ட பெருசா வசதி கிடையாது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன். மழை, நெரிசல். வந்திருக்கலாம், வராமப் போயிருக்கலாம். பொழைச்சிருப்பாங்கன்னு சொன்னா பொய். பொழைச்சிருக்க மாட்டாங்கன்னு சொன்னாலும் பொய். எனக்குத் தெரியலம்மா. தினமும் யோசிக்கிறேன்.”

தம்பி யார், எங்கே இருக்கிறான் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. இறந்த பெண் அந்த மருத்துவமனைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் குழந்தையின் அம்மா அடுத்த தெருவிலேயே இருந்தாள். நான்காவதாக முந்திப் போனவள். இன்ஸ்பெக்டர் படிகளில் இறங்கிய வேகத்தில் ஏட்டையாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கதவைத் திறந்தது இளம் பெண். இடுப்பில் குழந்தை இல்லை. அது கூடத்தில் ஒரு சின்ன நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அது போகிற பக்கமெல்லாம் தானும் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு மெத்தை வைத்த குட்டி நாற்காலி. சுற்றிலும் பித்தளைக் குமிழ் ஆணிகள் பல் வரிசைபோல் ஒன்றோடொன்று ஒட்டி அடித்திருந்தன.

“இது எங்க வாங்கினதும்மா?” என்றாள் இன்ஸ்பெக்டர். தன் குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

“வாங்கல மேடம். குழந்தைக்கு முடியாமப் போனப்போ டாக்டர்கிட்ட ஒரு அம்மா எங்களை முன்னாடி போகச் சொன்னாங்க. நான் கேக்கக்கூட இல்ல, அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க. அவங்க தம்பி ரெண்டு மாசம் முன்னாடி விசாரிச்சுக்கிட்டு வந்தாரு. குழந்தை எப்படி இருக்குன்னு பாத்தாரு. தூக்கவா வேணாமான்னு யோசிச்சாரு, அப்புறம் தூக்கல. இதைக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரே செஞ்சதாம். சோபாவுக்கு மெத்தை போடுற வேலையாம்.” அவள் தயங்கினாள். “அந்தம்மா நல்லாருக்காங்களான்னு கேட்டேன். ‘ம்’னு சொன்னாரு. ஏன் மேடம், ஏதாவது பிரச்சனையா?”

இரண்டு மாதம் முன்பு என்றால், இரண்டாவது கொலைக்கும் மூன்றாவது கொலைக்கும் நடுவில். இன்ஸ்பெக்டர் குனிந்து நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில்கூட, துணியின் ஓரம் மடித்துச் சீராகத் தைத்திருந்தது. குழந்தை தன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கத்த ஆரம்பித்தது. அவள் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒரு பிரச்சனையும் இல்லம்மா. அவரைக் கொஞ்சம் பாக்கணும், அவ்வளவுதான்.”

மரச்சாமான் கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் அவனுடைய பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ‘அக்காவும் தம்பியுமா வேலை செய்வாங்களே, அவங்களா?’ என்று இரண்டாவது கடையிலேயே கையைக் காட்டிவிட்டார்கள். நல்ல வெயில் நேரம். உள்ளே பசையும் பழைய பஞ்சும் கலந்த வாடை. ஒரு மூலையில் கழற்றிப்போட்ட கார் இருக்கைகள், நடுவில் எலும்புக்கூடாக நிற்கும் ஒரு சோபா. ஜன்னலோரம் தையல் இயந்திரம் ஒன்று பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த ஆள் ஒருவன் சோபாவின் சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்தான். ஆட்களைப் பார்த்ததும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

“சோபாவா, கார் சீட்டா மேடம்?”

“சின்ன நாற்காலி ஒண்ணு பாத்தேன். சிவப்பு மெத்தை போட்டது.”

அவன் சீருடையை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். ஓடவில்லை. ஏட்டையா வாசலை அடைத்துக்கொண்டு நின்றதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. “குழந்தை அதுல உக்காருதா?” என்று கேட்டான்.

“உக்காரவே இல்ல. தள்ளிக்கிட்டு வீடெல்லாம் சுத்துது.”

அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்தான். வட்டத்தலைச் சுத்தியல். ஏட்டையா மெதுவாக நடந்து வந்து அதன் மேல் தன் கைக்குட்டையைப் போட்டு எடுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பாதி மெத்தை போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

“உங்க அக்காவைப் பத்திச் சொல்லுங்க.”

“அக்கா தைப்பா. நான் அடிப்பேன். மச்சான் போனதுலேர்ந்து என்கூடத்தான் இருந்தா. அவ கொஞ்சம்…” அவன் வார்த்தை தேடினான். “யார் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாதுங்க அவளுக்கு. தள்ளுபடி கேட்டா குடுத்துடுவா. நாளைக்கே வேணும்பாங்க, சரின்னுடுவா. நான்தான் திட்டுவேன்.”

“அப்புறம்?”

“அன்னைக்குத் தாடை வலிக்குதுன்னா. பல்லுவலின்னு நினைச்சோம். நெஞ்சு கரிக்குதுன்னா. சாப்பிட்டது சேரலன்னு நினைச்சோம். அதான் அந்த டாக்டர்கிட்ட போனோம். உக்காந்திருந்தோம்.” அவன் நிறுத்தினான். “அந்த விரல் ஆள் உள்ள வந்தாரு. வந்ததும் என்ன பண்ணினாரு தெரியுமா மேடம்? வரிசையை ஒரு தடவை கண்ணால பாத்தாரு. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். அப்புறம் நேரா எங்க அக்காகிட்ட வந்தாரு. அந்தப் பொண்ணும் அப்படித்தான். அந்தப் பையனும் அப்படித்தான். அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க. யார் முகத்தைப் பாத்தா இல்லைன்னு சொல்ல மாட்டாங்கன்னு எப்படித் தெரியுது அவங்களுக்கு?”

“அவங்க யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அவங்களே சொன்னாங்களே. நல்லாத்தான் பேசினாங்க. அவரு சட்டைல டிரைவிங் ஸ்கூல் பேரு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அக்காவுக்குக் கார்டு குடுத்து, வாங்கக்கா, முடி வெட்டி விடுறேன்னா. பையன் எந்தக் கம்பெனி, எங்க வீடு எல்லாம் சொன்னான். சந்தோஷத்துல இருந்தான்.” அவன் தையல் இயந்திரத்தின் பக்கம் பார்த்தான். “ரொம்ப நாள் ஒண்ணும் தோணல. வேலை செஞ்சேன். அக்கா தைக்க வேண்டியதையும் நானே தைச்சேன். திடீர்னு ஒரு நாள் அந்த ஸ்கூல் பேர் போட்ட கார் என்னைத் தாண்டிப் போச்சு. அவரு உள்ள உக்காந்து சிரிச்சுக்கிட்டுப் போறாரு.”

“முகத்தை ஏன் மூடினீங்க?”

“விழுந்தப்புறம் பாத்தா வேற யாரோ மாதிரி இருந்தாங்க. அன்னைக்குப் பாத்த முகம் இல்ல. பாக்க முடியல.”

அவளுக்கு ஒன்று மட்டும் இன்னும் தெரிய வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய அவசியமில்லை. வழக்குக்கு இதுவே தாராளம். இருந்தாலும் கேட்காமல் எழுந்திருக்க அவளால் முடியவில்லை.

“அந்தக் குழந்தைக்குத்தான் அதிக நேரம் ஆச்சுன்னு சொல்றாங்க. மூணு பேருக்கும் சேத்து ஆனதைவிட அதிகம்.”

“தெரியும் மேடம். கதவுக்கு எதிர்லதானே உக்காந்திருந்தேன்.”

“அப்ப அந்தக் குழந்தையோட அம்மா மேல…”

“ஐயோ, அது வேற.” அவன் முதல்முறையாக அவசரப்பட்டான். “அவங்க யாரையும் கேக்கல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு முழிச்சுக்கிட்டு நின்னாங்க. அக்காதான் கையைத் தட்டிக் கூப்பிட்டு உள்ள போகச் சொன்னா. அவளா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டா. அது அவ குடுத்தது. மத்தது எடுத்தது.”

“அந்த மூணு பேரும் உங்ககிட்ட கேட்டிருந்தா?”

சந்தில் யாரோ மரத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானும் போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அவங்க கேக்கும்போதெல்லாம் பக்கத்துலதானே இருந்தேன். வாயைத் திறக்கலையே.”

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறையைப் பூட்டும்போது பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து, “சார், என் சோபா உள்ள இருக்கு” என்றார். ஏட்டையா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் போய்விட்டார்.

வழக்கு நீண்டதே தவிர, அதில் திருப்பம் எதுவும் இல்லை. அவன் எதையும் மறுக்கவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது. குற்றப்பத்திரிகை எழுதும்போதுதான் நிலையத்தில் ஒரு சின்னச் சண்டை. நோக்கம் என்ற இடத்தில் ‘வரிசையில் முந்திச் சென்றது’ என்று எழுதினால் நீதிமன்றம் சிரிக்கும் என்றார் கண்காணிப்பாளர். ‘முன்விரோதம்’ என்று போடச் சொன்னார். “அவங்களுக்குத்தான் இப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியாதே சார், விரோதம் எங்கேர்ந்து வரும்?” என்று அவள் வாதாடிப் பார்த்தாள். ‘முன்விரோதம்’ என்றுதான் போயிற்று.

குழந்தையின் அம்மாவிடம் அவள் எதையும் விளக்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று செய்தியாளர்களிடம் கறாராகச் சொல்லிவைத்தாள். எப்படியோ அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நாற்காலி அந்த வீட்டிலேயே இருந்ததாக, பிறகொரு நாள் அந்தத் தெரு வழியே போன ஏட்டையா வந்து சொன்னார்.

மூன்று குடும்பங்களிடமும் காரணத்தைச் சொல்ல அவளே போனாள். யாரையாவது அனுப்பியிருக்கலாம். இளைஞனின் அம்மா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழகு நிலையத்துக்காரியின் தங்கை, “கண்ணு எரிஞ்சா யாரா இருந்தாலும் கேக்கத்தானே செய்வாங்க? கேக்கிறது தப்பா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தப்பில்லை என்று இவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பயிற்சியாளரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். அவருடைய மனைவி இப்போது அந்த வேலையைத் தானே எடுத்து நடத்துகிறாள். ஜன்னலுக்குக் கீழே கார் உறையில்லாமல் நின்றது. அவள் முழுதாகக் கேட்டாள். முதலில் முகம் சிவந்தது.

“அதுக்கா? அதுக்கா ஒரு மனுஷனைக் கொல்லுவாங்க?”

“ஆமா.”

“நான் உங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேனே. சினிமா டிக்கெட் வாங்கினதை.” அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது அவள் கேட்ட கேள்வியை இன்ஸ்பெக்டர் எதிர்பார்க்கவில்லை.

“அந்தம்மாவைப் பாத்தா தெரிஞ்சிருக்குமா? உடம்பு அவ்வளவு முடியலன்னு? இவரு கிட்டப் போய்த்தானே பேசியிருக்காரு. தெரிஞ்சும் கேட்டிருப்பாரா?”

இன்ஸ்பெக்டர் அவளுக்கு எதிரில் இருந்த இடத்தை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வரவேற்புல இருந்த பொண்ணுக்குத் தெரியல. எத்தனையோ நோயாளிங்களைப் பாத்தவ. கூடவே உக்காந்திருந்த தம்பிக்கே தெரியல. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். உங்க வீட்டுக்காரருக்கு விரல் வலி. அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?”

“உண்மையாவா?”

“உண்மையா.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். புடவைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். கீழே காரின் ஹாரன் ஒரு தடவை தயக்கமாக ஒலித்தது. பயிற்சிக்கு வந்த யாரோ உள்ளே ஏறி உட்கார்ந்து தெரியாமல் அழுத்திவிட்டார்கள்போல. அவள் எட்டிப் பார்த்தாள்.

“புதுசா ஒரு அம்மா சேர்ந்திருக்காங்க. அறுபது வயசு. பிரேக்கை மிதிக்கச் சொன்னா ஹாரனை அடிக்கிறாங்க” என்றாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, “நீங்களும் வாங்க, கீழ வரைக்கும்” என்று இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். இருவரும் படியிறங்கினார்கள்.